சுற்றிப் போனவர்கள்

எல்டன்ஹோப் பூங்காவின் கீழ்வாசலைத் தாண்டியதும் சாலை ஓக் மர நிழலுக்குள் சரிவாக இறங்கும். அந்த இடம் வந்தால் டெஸ்மண்டின் இடக்கை தானாகக் கீழே போய்த் தரையைக் காட்டும். அவர் வாய் திறக்க மாட்டார். சைக்கிள் வரிசையில் முதலில் போகிறவருக்குக் கை போதும். அவருக்குப் பின்னால் வரும் லயனல் "குழி" என்று குரல் கொடுப்பார். அடுத்தவர் அதை வாங்கி அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி ஆள் வரைக்கும் சொல் போய்ச் சேரும். அத்தனை சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கம் வளைந்து மறுபடி நேராகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஞாயிற்றுக்கிழமையானால் இறுக்கமான கால்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் டெஸ்மண்டின் குழுவுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் வகுத்த பாதை அப்படி. ஆற்றோரமாகப் போய், மான் மேயும் பூங்காவுக்குள் நுழைந்து, ஆட்டு மந்தைகளுக்கு நடுவே ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டீக்கடையில் முடியும். குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு அதுவே முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது என்று மனைவி மார்ஜரி கேலி செய்வாள்.

அந்தக் குழி போன குளிர்காலத்துக்கும் முந்தைய குளிர்காலத்தில் ஒரு விரிசலாகத்தான் தொடங்கியது. உறைபனி அதைப் பிளந்தது, டிராக்டர்கள் அகலப்படுத்தின. மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, ஆழம் தெரியாமல், மரநிழலோடு நிழலாகக் கிடக்கும். குழுவில் அதற்குக் 'குளியல் தொட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். லயனல் ஒருநாள் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றை வாங்கிவந்து அதில் மிதக்கவிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்காதவர் யாரும் இல்லை.

புதிதாகச் சேர்ந்த ஃபிலிப்பா மட்டும் டீக்கடையில் ஒருமுறை கேட்டாள்.

"அந்தக் குழியைப் பத்தி ரோட்டு ஆபீஸ்ல யாராவது சொன்னீங்களா?"

"எத்தனை நாளா கிடக்குது. யாராச்சும் சொல்லியிருப்பாங்கம்மா," என்றார் டெஸ்மண்ட், கேக்கைப் பிட்டுக்கொண்டே.

"சொன்னா மட்டும்? அவங்க வந்து பார்க்கறதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்," என்றார் லயனல். "அதுவும் இல்லாம, அதை மூடிட்டா ஞாயித்துக்கிழமை நாம எதைப் பேசிச் சிரிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிலிப்பாவும் சிரித்தாள். புதிதாக வந்தவள், பாவம், வேறென்ன செய்வாள்.

மே மாதத்தில் மார்ஜரி ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கணவனுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் திரும்பிவந்து மானைப் பற்றியும் புல்வெளியைப் பற்றியும் அளப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள். பேக்கரி வேலையை விட்டதும் முதல் ஆசை அதுதான்.

"உன் சொர்க்கத்தை நானும் ஒரு தடவை பார்த்துடறேன் டெஸ்."

டெஸ்மண்டுக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தின நாளே பாடம் நடத்தினார். "மாடு தாண்டாம இருக்க இரும்புக் கம்பி போட்டிருப்பாங்க, அதுல சக்கரத்தைத் திருப்பாம நேரா போகணும். மான் குறுக்க வந்தா நின்னுடு, ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு வரும். வளைவுல ஓரமா போ." எல்லாம் சொன்னார். குழியைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது அவருடைய நாக்கில் இல்லை, கையில் இருந்தது.

குறுகலான பாதையில் பின்னாலிருந்து கார் வந்தால் ஓட்டுகிறவர் கண்ணில் தான் முதலில் படவேண்டும் என்று அவளை முன்னால் விட்டார். குழு இல்லாமல் இருவர் மட்டும் கிளம்பியிருந்தார்கள். அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மார்ஜரி பூங்காவைக் கடக்கும்வரை வாய் ஓயாமல் பேசினாள். கீழ்வாசலைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியதும், "இத்தனை நாள் என்னை விட்டுட்டு நீ மட்டும் அனுபவிச்சிருக்கியே," என்று முன்னால் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள்.

டெஸ்மண்டின் இடக்கை கீழே போனது. விரல் தரையைக் காட்டியது. பின்னால் யாரும் இல்லை.

அவர் தலையை நிமிர்த்திக் கத்துவதற்குள் மார்ஜரியின் முன்சக்கரம் தண்ணீருக்குள் போய்விட்டது. சைக்கிள் அப்படியே நின்றது. அவள் அதற்கு மேலாகப் போய் விழுந்தாள்.

அந்த இறக்கத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஓடினால் கிடைக்கும். ஆனால் சாலை நடுவே கிடக்கிறவளை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? வளைவில் ஏதாவது வண்டி வந்தால்? இரண்டடி ஓடுவார், திரும்பி வருவார். கடைசியில் ஆட்டுத் தீவனம் ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டிவந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"தூக்காதீங்க. கழுத்தை அசைக்காதீங்க. நான் மேல போய் போன் பண்றேன்," என்றாள்.

போனவள் திரும்பி வந்து, ஆம்புலன்ஸ் வேறு எங்கோ இருக்கிறதாம், நேரமாகுமாம் என்றாள். வேனைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்தாள். மறுபடி தூறத் தொடங்கியது. டெஸ்மண்ட் தன் சட்டையைக் கழற்றி மார்ஜரியின் முகத்துக்கு மேலே பிடித்தார். வேறெதுவும் செய்ய முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாழ்நாளெல்லாம் எத்தனையோ வீடுகளில் உடைந்ததைச் சரிசெய்த கை, இப்போது ஒரு துணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

"கால் எங்க இருக்குன்னே தெரியல டெஸ்," என்றாள் மார்ஜரி. "இருக்கா?"

"இருக்கு. இருக்கு மார்ஜ்."

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்தது. உயிருக்குப் பயமில்லை, கால்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் குரலின் கனிவிலேயே மிச்சம் விளங்கிவிட்டது. மார்ஜரி கண் திறந்து நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்தாள்.

"அங்க குழி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவேயில்லையே."

"கையைக் காட்டினேன் மார்ஜ்."

"நான் முன்னாடி போயிட்டிருந்தேனே," என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது.

அந்த வேதனையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ரோட்டு ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணிடம், "எத்தனை பேர் சொல்லியும் ஏன் மூடல? உங்களுக்கு ஒரு உயிர் போகணுமா?" என்று கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கணினியில் தேடிவிட்டுச் சொன்னாள்.

"சார், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அந்த இடத்தைப் பத்தி எங்களுக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லலை. நீங்கதான் முதல் ஆள்."

டெஸ்மண்ட் போனை வைத்துவிட்டார். மறுநாள் ஒரு வண்டி வந்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் குழியை மூடிவிட்டுப் போனதாம்.

ஞாயிற்றுக்கிழமை லயனலும் ஃபிலிப்பாவும் பூங்கொத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மார்ஜரி தூங்கிக்கொண்டிருந்ததால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.

"சும்மா விடக்கூடாதுப்பா. வழக்குப் போடணும் அவங்க மேல," என்றார் லயனல்.

"என்னன்னு போடறது? ஒருத்தர்கூட அவங்ககிட்ட சொல்லலை," என்றார் டெஸ்மண்ட்.

"ஒருத்தர்கூடவா?"

"நீ சொன்னியா?"

லயனல் தரையைப் பார்த்தார். ஃபிலிப்பா அழ ஆரம்பித்தாள். "கேட்டுட்டு நானும் சும்மா இருந்துட்டேன்," என்றாள்.

பிறகு லயனல், ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, டெஸ்மண்டின் தோளில் கை வைத்தார்.

"இனிமே அந்த வழியே நமக்கு வேண்டாம்ப்பா. ஆலைப் பாலம் பக்கமா சுத்திப் போயிடலாம். அங்கயும் பாலத்தோரம் கொஞ்சம் உடைஞ்சுதான் கிடக்கு, ஆனா பார்த்துப் போயிட்டா ஒண்ணும் ஆகாது."

டெஸ்மண்ட் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"அதைத்தானே லயனல் இத்தனை நாளும் பண்ணினோம்? நாம தப்பிச்சோம், நம்ம வரிசையில வர்றவனையும் தப்பிக்க வெச்சோம், அதோட கடமை முடிஞ்சுதுன்னு டீ குடிக்கப் போனோம். நமக்கப்புறம் தனியா ஒருத்தி வருவாளேன்னு யாரும் நினைக்கல. ஆபத்தைக் கண்ணால பார்த்துட்டு, வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு சுத்திப் போறவன் இருக்கான் பாரு, குழியை வெட்டினவன் அவன்தான். பாலத்தைப் பத்தி இப்பவே போன் பண்ணு. என் முன்னாடியே பண்ணு."