பழைய நேரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

1.
இந்தக் கதை என்னுடையதல்ல, களவெடுத்தது. ஆய்வு மாணவி றஜிதா தன் பௌதிக ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைப் பிழை பார்க்கத் தந்தாள். நான் எழுத்துப் பிழையை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

2.
“பூமிக்கு மேலே, மின்துகள்கள் நிறைந்த அயன்மண்டலத்தின் எல்லையற்ற மௌனத்தில்...”

(நான் எழுதிய இந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டேன். அவ்வளவு உயரத்தில் எனக்கு மூச்சு வாங்கும்.)

விசயம் இதுதான். செய்மதி ஒரு வானொலி அலையை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். சுற்றியுள்ள மின்துகள்கள் உடனே அடங்காமல், தங்களுக்கே உரிய அதிர்வெண்ணில் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பரிவு அதிர்வைப் பதிந்தால் அங்கே துகள்களின் அடர்த்தி தெரியும். அடர்த்தி குழம்பும் மாலைகளில் கீழே சிற்றலை வானொலி மங்கும்.

றஜிதாவின் அப்பா செபநாயகம் குருநகர்க் கடற்றொழிலாளி. வானொலிச் செய்தி எத்தனை மணிக்கு மங்கியது என்று தினமும் கொப்பியில் எழுதிவைத்தவர். பழைய செய்மதிப் பதிவுகளை அவள் அந்தக் கொப்பியோடு ஒப்பிட்டாள்.

3.
1996 நடுப்பகுதியிலிருந்து இரண்டும் பொருந்தவில்லை. முதலில் ஒரு மணித்தியாலம் பிசகியது, பிறகு அரை மணித்தியாலம். மேற்பார்வையாளர் கொப்பியை விட்டுவிடச் சொன்னார். விட்டால் ஆய்வில் பாதி போய்விடும்.

(இங்கே செபநாயகத்தை மறதிக்காரராக்கப் பார்த்தேன். இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.)

அந்த வருடம் அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. பத்து வருடம் கழித்துத்தான் பழையபடி வைத்தது. 1996இல் றஜிதாவுக்கு நாலு வயது; இப்போது ஆய்வில், கொப்பியிலும் புது நேரம்தான் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தாள். அப்பாவோ மணிக்கூட்டைத் தொடவேயில்லை. ஏன் என்று கேட்டாள்.

“லெனாட் ஆறு மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். நான் மணிக்கூட்டை மாத்தினா, எந்த ஆறு மணிக்கு அவனைப் பாக்கிறது?”

லெனாட் அவளுடைய அண்ணன். நேரம் மாறுவதற்குப் பத்து நாள் முன்பு சைக்கிளில் போனவன், திரும்பவில்லை.

4.
கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் கொப்பி ஏன் பழைய நேரத்தில் இருக்கிறது என்று அடிக்குறிப்பில் காரணம் சொல்லவேண்டும். அவள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்தாள். “திரும்பி வராத மகன்” என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பழைய நேரம் எண்டு எழுது பிள்ளை. வரேல்லை எண்டு எழுதாதை.”

நான் யோசித்த முடிவு ஒன்று: காரணமில்லாத குறிப்பைப் பரீட்சகர்கள் ஏற்கவில்லை, கொப்பி அலுமாரிக்குப் போனது.

முடிவு இரண்டு: ஒரு மாலை லெனாட் படலையைத் திறந்து

(இதை எழுத எனக்கு உரிமையில்லை.)

ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். என்ன எழுதுவதென்று றஜிதா என்னைக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை, பயமாகவும் இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்ததும் செபநாயகத்துக்கு நீங்களே வாசித்துக் காட்டவேண்டும். தொடக்கத்தை மட்டும் தருகிறேன்:

கொப்பியை எழுதியவர் பழைய நேரத்தையே வைத்திருந்தார், ஏனெனில் அவருடைய மகன்