லீலாவதி காலனி

என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் பஜ்ஜியைத் தின்று முடிப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார். வீட்டுமனை பார்க்க மட்டும் ஏழு வருடம் எடுத்துக்கொண்டார். உத்திரமேரூரில் ஒரு நெசவாளர் சங்கத்தில் அவர் கிளார்க். எதையும் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனங்கள் உள்ள வாடகை வீடு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. நான் உள்ளே போய் இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வதற்குள் வெளியே யாராவது இருமுவார்கள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, யாரும் இருமாமல், ஆற அமரக் குளிக்க எனக்கு ஒரு வீடு வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வாலாஜாபாத்தில் ஒரு மனை பார்த்தோம். 'ரைஸ்மில் சாம்பல் துணியில் விழும்' என்று எழுதி அதை அடித்துவிட்டார். தென்னேரியில் ஒன்று. 'ஏரி உடைந்தால்?' என்று எழுதினார். ஏரிக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எண்பத்து மூன்றில், ஊரை ஒட்டியிருந்த தன் நிலத்தை நமச்சிவாயம் மனைகளாகப் பிரித்தார். முப்பது வருடம் மெட்ராஸில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் வீட்டுக்காரர் நோட்டோடு இறங்கினார். குழி தோண்டி, அதே மண்ணைத் தள்ளி மூடி, மண் மிஞ்சுகிறதா என்று பார்த்தார்; மிஞ்சினால் நல்ல மனையாம். மிஞ்சியது. மழையில் குடை பிடித்துப் போய், தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்தார். தேங்கவில்லை. கடைசியாக, அங்கே வெட்டியிருந்த பொதுக்கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பருப்பு வேகவைக்கச் சொன்னார். எங்கள் தெருக்குழாய் உப்புத் தண்ணீரில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். இதில் கால் மணியில் குழைந்துவிட்டது. நோட்டில் 'தண்ணீர் பாஸ்' என்று எழுதினார். எனக்கு அப்போதே குளித்து முடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மூலை மனைக்குச் சரி சொல்லப் போனோம். நுழைகிற இடத்தில் பெயின்டர் போர்டு எழுதி முடித்திருந்தார். நமச்சிவாயம் மனைவி பெயரை வைத்திருந்தார்: லீலாவதி காலனி.

எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. "இன்னாது, காலனியா?"

"ஆமாம்பா. மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் காலனியிலதான் கீறாங்க" என்றார் நமச்சிவாயம் பெருமையாக.

முப்பது வருடத்தில் மனிதர் மறந்துபோனது இதைத்தான். எங்கள் பக்கத்தில் காலனி என்றால், தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள். வேறு அர்த்தம் கிடையாது.

"நாளைக்கிப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அட்ரஸ் இன்னான்னு போடறது? நகர்னு மாத்துங்க. அப்பால பேசலாம்" என்று சைக்கிளைத் திருப்பினார். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது.

"போர்டுலயா குடித்தனம் பண்ணப்போறோம்?" என்று கேரியரில் உட்கார்ந்தபடி கேட்டேன். பெடலை வேகமாக மிதித்தார்.

நாலு வாரம் ஊரில் யாரும் எட்டிப் பார்க்காததில் நமச்சிவாயத்துக்கு விஷயம் விளங்கியது. காலனியை அழித்து நகர் என்று எழுதினார். கேள்விப்பட்ட உடனே எங்கள் வீட்டுக்காரர் என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். மூலை மனையில் ஒருவர் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற ஏசுதாஸ். காவாந்தண்டலம் காலனிக்காரர்.

"இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"வூடு கட்டப்போறேன் சார். போன வாரம் பத்திரம் முடிஞ்சிச்சி. நகர்னு இருந்திருந்தா இந்தப் பக்கம் தலவெச்சே படுத்திருக்க மாட்டேன். காலனின்னு இருந்திச்சி. சரி, நமக்குந்தான் போலன்னு கேட்டேன். ஐயா குடுத்துட்டாரு."

பக்கத்து மனையும் காலியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்து, 'தண்ணீர் பாஸ்' என்பதை அடித்துவிட்டு, 'தண்ணீர் சரியில்லை' என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டை அடுப்பில் வைத்திருப்பேன்.

ஏசுதாஸ் வீடு கட்டிக் குடிவந்தார். ஒரு நாள் நான் குடத்தோடு அந்தப் பொதுக்கிணற்றுக்குப் போனேன். அவர் மனைவி மங்கம்மாவே இறைத்து ஊற்றினாள். வந்து பருப்பு வைத்தேன்.

"வெண்ண மாதிரி கீதே. எந்தக் கடைப் பருப்பு?" என்றார் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே.

"கடை அதேதான். தண்ணிதான் வேற. சரியில்லன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அந்தத் தண்ணி. பக்கத்து மனை இன்னும் காலியாத்தான் கீது."

கை சோற்றிலேயே நின்றது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். வாசற்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இன்னொரு கரண்டி ஊத்து. யாராச்சும் கேட்டா தெருக் கொயாத் தண்ணின்னு சொல்லு" என்றார்.

மறுநாள் குளிக்கப் போனேன். இரண்டாவது சொம்பு ஊற்றுவதற்குள் வெளியே இருமல் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர்தான், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதாம். தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த சொம்பை மெதுவாக மொண்டேன்.