படத்தில் மட்டும் மிர்ட்டில்

அந்த சோப்புத் தொழிற்சாலையில் லேபிளுக்கு வாசகம் எழுதுவது அவள் வேலை. பின்கட்டில் பழைய கொழுப்பு கொதிக்கும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் மூன்று வருடமாக ‘தூய்மை’, ‘மென்மை’ என்று எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படிக்குப் போய் விழுங்கிவிட்டு வருவாள்.

ஒருநாள் நர்சரிக்காரம்மா ஒரு தொட்டிச் செடியோடு வந்தார். சின்னச் சின்ன இலை, நூல் நூலாய் மகரந்தத் தாள் நீட்டிய வெள்ளைப் பூ.

“இதுதான் மிர்ட்டில். நாலு வருஷம் வளர்த்தது. கசக்கிப் பாரும்மா.”

கசக்கி மோந்தாள். அந்த அறையில் முதல்முறையாக ஆழமாக மூச்சு இழுத்தாள்.

“இலை எவ்வளவு வேணும்னாலும் தர்றேன்,” என்றார் நர்சரிக்காரம்மா.

“சொல்லி அனுப்பறேன்,” என்றார் முதலாளி. லேபிளுக்காகச் செடியைப் படம் எடுத்தார்கள். பிறகு அதைப் பின்கட்டில் தள்ளினார்கள். கொழுப்புக் கொப்பரை கழுவிய தண்ணீர் விழுந்து ஒரே வாரத்தில் கருகியது.

மிர்ட்டில் சோப்பு, மிர்ட்டில் ஷாம்பு, மிர்ட்டில் தரை கழுவும் திரவம் என்று வரிசையாக எழுதச் சொன்னார் முதலாளி.

“இதுல இலை எவ்வளவு சார் சேருது?”

“இலையா? பச்சைச் சாயம் போடறோம்ல. பேரு போதும்மா.”

அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து நர்சரிக்காரம்மா கையில் ஒரு சோப்போடு வாசலில் நின்றார். “இலை ஊறிட்டிருக்குன்னு சொல்லி அனுப்பிடு,” என்று முதலாளி அவளை விரட்டினார்.

“நீங்க இலையே வாங்கலியே. இதுல என் செடி எங்கம்மா இருக்கு?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. பின்கட்டு நாற்றமும் கூடவே வந்தது.

“படத்துல இருக்குக்கா. வேற எங்கயும் இல்ல.”

நர்சரிக்காரம்மா திட்டவில்லை. சோப்பைத் திண்டில் வைத்துவிட்டு, சேற்றில் கை வைத்தவர்போல விரல்களைத் துணியில் அழுத்தித் துடைத்தார். “என் தொட்டியையாவது குடு.” கருகிய குச்சியோடு கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

“சமாளிச்சியா?” என்றார் முதலாளி.

“உள்ளதைச் சொல்லிட்டேன்.”

அவர் சிரித்தார். “போகட்டும். அவங்க ஒருத்தர் வாங்கலேன்னா என்ன? கழிவறைக்கு ஒரு மிர்ட்டில் விடறோம், நல்லதா ரெண்டு வரி எழுது.”

அந்தச் சிரிப்புதான் கொழுப்பைவிட நாறியது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சோப்புல என்ன இருந்தா உனக்கென்னடி? நீ எழுதத்தானே போன?”

“அதான்மா. எழுதினது நான்தானே.”