இடது கைச் சட்டை

மார்பில் கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் வழித்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தையற்காரியின் இடது கை தலையணையாக உப்பிக் கிடந்தது. கணவன் குழாய் வேலைக்காரன். அடைப்பென்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் அவள் கையைப் பிழிந்தெடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அதைக் கேட்ட நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்குண்ணே. நிணநீருக்கு அப்படி ஆள் கிடையாது. தோளைப் பாத்து மெதுவாத் தடவணும், அவ்வளவுதான்.”

“தடவுனா சரியாயிடுமா?”

“போற வழியையே எடுத்தாச்சே. வீக்கம் இன்னும் ஏறாம பாத்துக்கலாம்.”

வீட்டில் அவன் பூப்போலத் தடவினான்.

“கொஞ்சம் வத்தியிருக்கு, பாரேன்.”

“ஆமா,” என்றாள் அவள்.

அவன் போனதும் தனக்கு வெட்டிய சட்டையை எடுத்தாள். இடது கைக்கு மட்டும், பின்னாளில் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள, உள்ளே நாலு விரல் துணி விட்டுத் தைத்தாள்.