முப்பத்தொன்றாவது ஸ்லைடு

ஜெயபாரதி பன்னிரண்டு வருஷமாக நடத்திய பயிற்சி வகுப்பில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அதை அவளே ஒப்புக்கொள்வாள். வருஷத்துக்கு ஒரு தடவை, அடையாறில் உள்ள அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் மாடி ஹாலில், விலங்குக் கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் ஊழியர்கள் பதினெட்டுப் பேரும் வந்து உட்காருவார்கள். விளக்கை அணைத்தால் அறுபத்துநாலு ஸ்லைடு ஓடும். எலியை எப்படித் தூக்குவது, கூண்டை எப்போது மாற்றுவது, அறையின் வெப்பத்தை எப்படிக் குறிப்பது எல்லாம் அதில் உண்டு. விளக்கு எரிந்ததும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் சமோசா சாப்பிடப் போவார்கள். கையெழுத்து இருந்தால் அவர் பயிற்சி பெற்றவர்.

இந்த வருஷம் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அதற்கு வேட்டு வைத்தது. இனி ஆளுக்கொரு டேப்லெட், தமிழில் மூன்று நிமிஷ வீடியோ, அதன் பிறகு கேள்விகள். கடைசியில், வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து மார்க் போட வேண்டும். வீடியோ தயாரிக்கும் பொறுப்பு ஜெயபாரதிக்கு வந்தது. அவளும் உற்சாகமாகத்தான் இறங்கினாள். மேற்கு மாம்பலத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் குரலைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவாள்.

பழைய ஸ்லைடுகளில் பேர் பெற்றது முப்பத்தொன்றாவது. ‘இப்படி எழுதக் கூடாது’ என்று தலைப்பு. ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒரு தாள் தொங்கும். காலையும் மாலையும் உள்ளே உள்ள வெப்பமானியைப் பார்த்து அதில் எழுத வேண்டும். ஸ்லைடில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு தாளின் போட்டோ. 23.1, 24.6, அடித்து மாற்றிய 26, ஒரு நாள் வெறும் கட்டம், ஓரத்தில் தண்ணீர்க் கறை. அடுத்த ஸ்லைடில் நாலாம் அறை முத்துகிருஷ்ணனின் தாள். வாரம் முழுக்க 22, 22, 22. ஒரே பேனா, முத்து முத்தான எழுத்து. ‘இப்படித்தான் எழுத வேண்டும்.’

அந்த மோசமான தாள் இரண்டாம் அறை வசந்தியுடையது. எட்டு வருஷத்துக்கு முன் ஜெயபாரதி தன் போனில் எடுத்த படம். பெயர் தெரிய வேண்டாம் என்று அடிப்பகுதியை வெட்டிவிட்டிருந்தாள். அந்த நாகரிகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வசந்தி ஊரூர் குப்பத்துப் பெண், அம்மா மீன் விற்கிறவள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்த ஸ்லைடு வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். தூங்குகிறாள் என்று ஜெயபாரதி நினைத்துக்கொள்வாள்.

வசந்தியின் கை வேலை சுத்தம். எலி அவள் கையில் துள்ளாது. ஆனால் வருஷாந்திர மதிப்பீட்டில், கதவுத் தாளை எழுதும் பதிவேட்டு வேலையில் போன வருஷம் ஃபெயில். இந்த வருஷமும் ஃபெயில் என்றால் ஜூனில் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். மார்க் போடுகிறவள் ஜெயபாரதி.

செவ்வாய்க்கிழமை அவள் பதிவேட்டுப் பாடத்துக்கு வீடியோ செய்ய உட்கார்ந்தாள். ஆறு வாரமாக எல்லா அறையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா மாட்டியிருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தானாக வெப்பத்தைக் குறித்துவைக்கும். ஊழியர்கள் அதைத் தீ அலாரம் என்று நினைத்திருந்தார்கள். டப்பாவின் கணக்கையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாடம் ஜோராக இருக்கும் என்பது அவள் எண்ணம்.

முதலில் முத்துகிருஷ்ணனின் தாளை எடுத்தாள். தாளில் 22. டப்பாவில் 24.9. மறுநாள் தாளில் 22, டப்பாவில் 25.3. டப்பாதான் கோளாறு என்று நினைத்தாள். அப்புறம் மே மாதத்து ஒரு திங்கட்கிழமையைப் பார்த்தாள். ஞாயிறு மத்தியானம் முதல் மறுநாள் காலை வரை ஏசி நின்றுபோய், அறை 31 டிகிரியில் கிடந்திருக்கிறது. முத்துகிருஷ்ணன் நங்கநல்லூரிலிருந்து வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து ஏசியை ஓடவிட்டிருக்கிறார். ஏசியில் வைத்திருப்பது 22, ஓடினால் 22 ஆகிவிடப் போகிறது என்று 22 எழுதிவிட்டார். அந்த மனிதர் இத்தனை வருஷமாக ரிமோட்டில் இருந்த எண்ணைத்தான் எழுதிவந்திருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை பதினோரு குட்டிகள் செத்துக் கிடந்ததற்குத் தீவனத்தைக் குறை சொல்லி, கம்பெனிக்குக் கடிதம் போட்டது ஜெயபாரதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வசந்தியின் தாளை எடுத்தாள். தாளில் 23.4, டப்பாவில் 23.5. தாளில் 24.6, டப்பாவில் 24.6. ஏப்ரலில் ஒரு ஞாயிறு: ‘7.40க்கு 27.9. லாசர் அண்ணனுக்கு போன்.’ லாசர் ஏசி மெக்கானிக். டப்பாவில் 7.40க்கு 27.8, பத்து மணிக்கு 23. வெறும் கட்டம் இருந்த நாளில் வசந்தி லீவு. வராத நாளுக்கு அவள் எழுதவில்லை.

மற்ற அறைகளையும் பார்த்தாள். இரண்டாம் அறை தவிர, முத்துகிருஷ்ணனுடையதோடு சேர்த்து ஏழு அறைத் தாள்களும் வெறும் கற்பனை. ஒவ்வொன்றின் அடியிலும் ‘சரிபார்த்தேன்’ என்று போட்டு, ஜெ.பா. என்று அவளுடைய கையெழுத்து. வெள்ளிக்கிழமை தோறும் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் போட்டவை.

நேரே டாக்டர் ஸ்ரீனிவாசராகவனிடம் போனாள். விலங்குக் கூடத்தின் தலைமை மருத்துவர் அவர். மயிலாப்பூர்க்காரர், குரல் எதற்கும் உயராது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வரா. இப்போ போய் நம்ம ரெக்கார்டெல்லாம் பொய்னு நாமளே சொல்லிண்டு நிக்கணுமா?”

“அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும் சார்.”

“போகாது. வசந்தியைப் பாஸ் பண்ணிடுங்கோ, அதோட முடிஞ்சுது. பழசைக் கிளறினா மொதல்ல மாட்டிக்கப் போறது நீங்கதான், ஜெயபாரதி.”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது. வசந்தியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று கீழே போனாள். வசந்தி தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வசந்தி, ரெக்கார்டுல உனக்குப் பாஸ் போட்டுட்டேன்மா. காண்ட்ராக்ட் வந்துரும்.”

வசந்தி சிரிக்கவில்லை. “எப்டி மேடம்? அதே சீட்டுதான கீது?”

“திருப்பிப் பார்த்தேன். சரியாத்தான் எழுதியிருக்கே.”

“அப்போ அந்தப் படத்த எடுத்துடுவீங்களா?”

“எந்தப் படம்?”

“இப்டி எழுதக் கூடாதுன்னு காட்டுவீங்களே. என் சீட்டு தான மேடம் அது.”

“எப்போலேர்ந்து தெரியும்?”

“மொத கிளாஸ்லயே. என் எழுத்து எனக்குத் தெரியாதா இன்னா?”

“ஏம்மா சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நீங்க அத்தினி பேருக்குப் பாடம் எடுத்துகினு இருக்கீங்க.” வசந்தி பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். “நானும் ரெண்டு வாரம் 22ன்னு எழுதிப் பாத்தேன் மேடம். ஒரு தபா ஏசி மக்கர் பண்ணிச்சு. லாசர் அண்ணன் வந்து சீட்டப் பாத்துட்டு, எல்லாம் சரியாத்தான கீதுன்னு போய்ட்டாரு. அப்பால அத்த வுட்டுட்டேன்.”

ஜெயபாரதி திரும்பி நடக்கப் பார்த்தாள். வசந்தி பின்னாலிருந்து கேட்டாள்: “புச்சா மூணு பொண்ணுங்க சேர்றாங்களாமே. அதுங்களுக்கும் அந்தப் படத்தத்தான் காட்டுவீங்களா?”

அன்றைக்கு பஸ்ஸில் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டாளே தவிர, தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. எட்டு வருஷம் ஒருத்தியைத் தலைகுனிய வைத்ததற்கு அவள் வெட்கப்பட்டாள். அந்தப் பாஸை ஏதோ தானம் கொடுப்பது போல நீட்டியதற்கு அதைவிட அதிகமாக வெட்கப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை புதுப் பயிற்சியின் முதல் வகுப்பு. பதினெட்டுப் பேரோடு புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களும் இருந்தார்கள். கதவோரம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஜெயபாரதி டேப்லெட்டுகளைக் கொடுக்காமல் பழைய முப்பத்தொன்றாவது ஸ்லைடைப் போட்டாள். தலைப்பை மட்டும் எடுத்துவிட்டு, ஏப்ரல் மாதத்துத் தாளையும் டப்பாவின் கணக்கையும் கீழே சேர்த்திருந்தாள். வசந்தி பழக்கம்போலத் தலையைக் குனிந்தாள்.

“வசந்தி, இது உன் தாள். எழுந்து நீயே படிச்சுக் காட்டும்மா.”

வசந்தி எழுந்தாள். “ஞாயித்துக்கிழம. ஏழு நாப்பது. இருபத்தேழு புள்ளி ஒம்போது. லாசர் அண்ணனுக்குப் போன்.” அப்புறம் கீழே இருந்த டப்பாவின் கணக்கைப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதையும் கேட்காமலே படித்தாள்.

அடுத்ததை ஜெயபாரதியே படித்தாள். அறையின் எண்ணையோ எழுதியவர் பெயரையோ சொல்லவில்லை. முத்துகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தாளில் இருபத்திரண்டு. அறையில் முப்பத்தொன்று. செத்த குட்டிகள் பதினொன்று. சரிபார்த்தவர் ஜெயபாரதி.” எல்லோர் பக்கமும் திரும்பினாள். “நான் சரிபார்க்கல. ஒரு நாள்கூட உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்ததில்ல. அழகா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்.”

டாக்டர் எழுந்து வெளியே போனார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்களிடமும் அவள் அதையே சொன்னாள். அவர்கள் அறிக்கையில் அது முதல் குறையாக ஏறியது. ஜெயபாரதிக்கு மெமோ வந்தது. பதிவேட்டில் அவள் ஃபெயில், முத்துகிருஷ்ணனும் இன்னும் ஆறு பேரும் ஃபெயில். எல்லோரும் முதலிலிருந்து பயிற்சி பெற வேண்டும். முத்துகிருஷ்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வசந்தியின் காண்ட்ராக்ட் மட்டும் வந்தது.

பக்கத்தில் நின்று மார்க் போட, பதிவேடு தெரிந்த ஒருவர் வேண்டுமே. டப்பாவோடு ஒத்துப்போனது ஒரே ஒருத்தியின் தாள்தான். ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, ஜெயபாரதி தலைக்குத் துணித் தொப்பியும் காலுக்கு உறையும் மாட்டிக்கொண்டு இரண்டாம் அறைக்குள் போனாள். வசந்தி கையில் டேப்லெட்டோடு பின்னால் நின்றாள்.

ஜெயபாரதி வெப்பமானியைப் பார்த்தாள். தாளில் 23.6 என்று எழுதினாள்.

“இன்னொரு தபா பாருங்க மேடம்.”

பார்த்தாள். 23.8. “ஐயோ. வேற தாள் குடும்மா, புதுசா எழுதிடறேன்.”

“வாணாம் மேடம். அதும் மேல ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல எழுதுங்க. உங்க கையெழுத்தும் போட்டுடுங்க.”

ஜெயபாரதி கோடு போட்டாள், 23.8 என்று எழுதினாள், ஜெ.பா. என்று போட்டாள். தாளின் ஓரத்தில் விரல் ஈரம் பட்டுக் கறையாகிவிட்டது. முப்பத்தொன்றாவது ஸ்லைடு போலவே இருந்தது. வசந்தி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, டேப்லெட்டில் ‘சரி’ என்பதைத் தொடப் போனவள், கையை இழுத்துக்கொண்டு வெப்பமானியின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் தொட்டாள்.