எடை பார்த்த பிறகு

விளையாட்டு மேலாண்மை வகுப்பின் முதல் நாளில், தம்மைப் பற்றியும் தாம் மதிக்கும் வீரரைப் பற்றியும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் உலகமறிந்த பெயர்களை எழுதினார்கள். கார்குழலியோ, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, அப்பா துறைமுகத்தில் தினக்கூலி என்று இரண்டு வரியில் தன்னை முடித்துக்கொண்டு, மீதிப் பக்கம் முழுக்கப் பூவம்மாவை எழுதினாள்.

பூவம்மா அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் குத்துச்சண்டைக்காரி. ஒருமுறை எடை குறைக்க நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள், எடை பார்த்து முடித்ததும் பையிலிருந்த ஒரே வாழைப்பழத்தை உரித்து, வேடிக்கை பார்க்க வந்த குழலிக்குப் பாதியை நீட்டினாள். என்ன பதக்கம் வாங்கியவர் என்று பேராசிரியர் கேட்டார். குழலிக்குச் சொல்லத் தெரிந்தது அந்தப் பழம்தான்.

மூன்றாம் ஆண்டில், தண்டையார்பேட்டையில் நடந்த மாநிலக் குத்துச்சண்டைப் போட்டிக்குக் குழலியைக் கல்லூரியிலிருந்து களப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். காலையில் எடை பார்க்கும் மேசையில் மருத்துவப் படிவங்களை வாங்கி வைப்பது அவள் வேலை. வரிசையில் பூவம்மா வந்தாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தவளுக்கு, இந்த முறை பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை உண்டு. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும்.

‘கடந்த ஒரு மாதத்தில் தலையில் அடிபட்டு விழுந்ததுண்டா?’ என்ற கேள்விக்கு, இல்லை என்று எழுதியிருந்தாள்.

பதினெட்டு நாளைக்கு முன் எண்ணூரில் ஒரு மன்ற ஆண்டுவிழாவின் காட்சிப் போட்டியில், தலையில் குத்து வாங்கிச் சுருண்டு விழுந்தவள் அவள். குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டி இல்லை என்பதால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அன்று ஆட்டோவில் அவள் வாந்தி எடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவள் குழலி.

கையெழுத்துப் போடும்போது பூவம்மாவின் விரல்களிலிருந்து பேனா இரண்டு முறை நழுவியது. அவள் சிரித்துக்கொண்டே குழலியின் பக்கம் குனிந்தாள்.

“அத்த மட்டும் சொல்லாத குழலி. மூணே ரவுண்டு. அப்பால வேல கெட்சிடும், உனுக்குப் பிரியாணி.”

பொய் சொல்லமாட்டேன் என்று ஞாயிறுதோறும் புத்த விகாரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுதி எடுப்பவர்கள். எழுதியது பூவம்மா அக்காதானே, நானில்லையே என்று குழலி ஒரு நிமிடம் தன்னைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. நழுவிய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து போட்டிக்கான மருத்துவர் டாக்டர் ஷாஸியாவிடம் போய் எண்ணூரில் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் தரையில் இருந்த கோட்டின் மேல் பூவம்மாவை நடக்கச் சொன்னார். ஐந்தாவது அடியில் கால் கோட்டைவிட்டு விலகியது. படிவத்தில் ‘தகுதியில்லை’ என்று எழுதி, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்.

வாசலில் பூவம்மா நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“என் சோத்துல மண்ண போட்ட. உன்ன கூடப்பொறந்தவ மாரி நெனச்சேன் பாரு.”

குழலி அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆட்டோவில் பூவம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் வேண்டியிருக்கும், இனி குத்துச்சண்டை மேடையில் ஏறவே கூடாது, அந்த விரல்கள் பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். குழலி செய்தது சரிதான் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அங்கே அது யாருக்கும் ஆறுதலாக இருந்திருக்காது.

படுக்கைக்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். ஆபரேஷன் மறுநாள்தான், இப்போது ஏதாவது சாப்பிடலாம் என்றாள் நர்ஸ். எடை குறைக்க முந்தைய நாள் காலையிலிருந்து பூவம்மா சாப்பிட்டிருக்கவில்லை. பையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதை எடுத்து உரிக்கப் பார்த்தாள். காம்பு விரல்களுக்குள் நிற்கவில்லை. மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை அதை மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

குழலி எடுத்து உரித்து, அவள் கையை விரித்து வைத்தாள்.

பூவம்மா அதைப் பாதியாகப் பிட்டு, திரும்பாமலே பக்கத்தில் நீட்டினாள்.

“துன்னு. நீயும் காலீலருந்து ஒண்ணும் துன்னல. ஆனா உன்கூட பேசமாட்டேன்.”

குழலி வாங்கிக்கொண்டாள். ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல் தின்றாள்.