சியாமிக்குக் கட்டிய கயிறு

ஆரணியில் எங்கள் ரைஸ்மில்லுக்கு வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள், போவார்கள். களத்தில் நெல் காயப்போடுகிற எங்களுக்கு அவர்கள் பெயரைக் கேட்கக்கூட நேரம் இருக்காது. சியாமியை மட்டும் நான் கேட்டுத் தொலைத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் தின்கிற சோறாவது தொண்டையில் இறங்கும்.

பர்மாக்காரப் பெண், பதினைந்து வயது. அவள் ஊரில் சண்டை. ஆகாயத்திலிருந்து குண்டு போட்டதில் அப்பாவும் அம்மாவும் வீட்டோடு போய்விட்டார்கள். ஐந்து வயதுத் தம்பி லியானை முதுகில் கட்டிக்கொண்டு மலை தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். அப்புறம் அசாம்காரப் பெண்களோடு ரயிலேறி எங்கள் மில்லுக்கு. கூட்டிவந்த மேஸ்திரி கமிஷனை வாங்கிக்கொண்டு போனவன்தான். அந்த அசாம் பெண்கள் சொன்னதை, மில்லில் கற்ற அரைகுறை இந்தியில் நான் புரிந்துகொண்டேன்.

எங்கள் வாயில் அவள் சியாமளா ஆகிவிட்டாள். நாலைந்து மாதத்தில் தமிழும் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. மூட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் அவளைப் பார்த்தாலே பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். ஒருவன் தம்பிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தான். நான் முறத்தாலேயே அடித்தேன். ஆனால் எத்தனை நாள் முறத்தோடு அவள் பின்னால் நடப்பது?

தனியாக இருக்கிற பெண்ணுக்கு எங்கள் பக்கம் தெரிந்த காவல் ஒன்றே ஒன்றுதான். என் நாத்தனார் கலைமகளின் புருஷன் ஓடிப்போய் வருஷக்கணக்காகிறது. இன்றைக்கும் அந்தத் தாலியைக் கழற்றாமல்தான் அவள் பஸ் ஏறுகிறாள். அந்தத் தடிமாட்டின் ஞாபகத்துக்காக இல்லை. பஸ்ஸில் இருக்கிற மற்ற தடிமாடுகளுக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தம்பி இருவரையும் படவேட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனேன். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டி, ரேணுகாம்பாள் காலடியில் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை எங்கே என்று ஐயர் கேட்டார். பஸ் கிடைக்கவில்லை, பின்னால் வருகிறார் என்று கூசாமல் சொன்னேன். வெளியே வேப்பமரத்தடியில் என் கையாலேயே மூன்று முடிச்சுப் போட்டேன். லியான் கைதட்டிச் சிரித்தான்.

"இத யாரு சொன்னாலும் கயிட்டாத" என்று அவளிடம் சொன்னேன். "இது இருக்கிற வரைக்கும் எவனும் உன்ன தொட மாட்டான்."

புருஷன் பெங்களூரில் கொத்தனார் வேலை செய்கிறான் என்று களத்துப் பெண்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டோம். மறுவாரமே பலன் தெரிந்தது. கையைப் பிடித்த அதே லாரிக்காரன், "ஏம்மா, கொஞ்சம் நகருங்க" என்று மரியாதையாகப் பேசினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய படிப்புப் படித்தவள்போல் இரண்டு நாள் நடந்தேன்.

போன மாசி மாதம், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்கள். ஒரு ஆபீசர் அம்மா, கூட போலீஸ். மற்றவர்கள் ஒளிந்தார்கள். நான்தான் முன்னால் போனேன். பிள்ளைகளைக் காப்பாற்றவென்றே சர்க்காரில் ஆள் இருக்கிறது, நம்மால் ஆகாததை இவர்கள் செய்வார்கள், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்கவைப்பார்கள் என்று நம்பினேன். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன்.

ஆபீசர் அம்மா சியாமியின் கழுத்தைப் பார்த்தாள். புருஷன் யார் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், பழக்க தோஷம், களத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் பெங்களூர் என்றார்கள். மேனேஜர் ராஜவேலு ஓடி வந்தான். சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்ததாக ஆகிவிட்டால் மில்லுக்கு சீல் வைத்துவிடுவார்களே. இருபது வயது, கல்யாணம் ஆனவள் என்று அம்மன்மேல் சத்தியம் பண்ணினான். அவன் நாக்கில் புழு வைக்க.

நான் உண்மையைச் சொன்னேன். எல்லாம் பொய், பதினைந்துதான், லாரிக்காரர்களுக்குப் பயந்து செய்தது என்றேன்.

"சரி, சின்னப் பொண்ணுன்னே வச்சிக்குவோம். தாலி கட்டினவன் யாரு? அவன் மேல கேஸ் போடணும்."

"நான்தாம்மா கட்னேன்."

பெண் போலீஸ் சிரித்துவிட்டாள். ஆபீசர் அம்மா சிரிக்கவில்லை. கெட்டவளும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "இன்னாம்மா நீ, ஒருத்தி ஒண்ணு சொல்ற, பத்து பேரு வேற சொல்றாங்க. ஒரு ஆதாரமும் இல்ல. நான் எத நம்பறது?" என்றாள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வயதைச் சொல்லுமாமே என்று கெஞ்சினேன். அதற்கு கோர்ட் சொல்ல வேண்டும், இப்போதைக்குக் கல்யாணமான பெண் பெரியவள் கணக்குத்தான் என்றாள். பெரியவள் என்றால், பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டிய கேஸ், அது போலீஸ். தம்பி பிள்ளைகள் விடுதிக்கு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் மில்லுக்கே தெரியும். அன்றைக்கு அது ஒரு மண்ணுக்கும் உதவவில்லை.

சியாமியிடம் போனேன். "அத கயிட்டிடும்மா. ஜல்தி. நான் சின்னப் பொண்ணுன்னு சொல்லு."

அவள் கழற்றவில்லை. என் முகத்தையும் போலீசையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துபோய் நான் அப்படிச் சொல்வதாக நினைத்தாள் போலிருக்கிறது. இரண்டு கையாலும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, "புருஷன் பெங்களூர்" என்றாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த தமிழ், ஒரு பிசிறில்லாமல் வந்தது. நானே அறுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் பின்வாங்கினாள். அதற்குள் பெண் போலீஸ் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

லியானை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்காவும் பின்னால் ஏறுவாள் என்று அவன் இடம் விட்டு உட்கார்ந்தான். ஜீப் கிளம்பியபோதுதான் கத்த ஆரம்பித்தான். சியாமி ஓடினாள், பிடித்துவிட்டார்கள். நான் நெல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். சியாமியை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டோம், எந்த இடம் என்று உனக்குச் சொல்ல முடியாது, நீ யார் அவளுக்கு என்றார்கள். பர்மாக்காரிக்கு ஆரணிக்காரி என்ன முறை ஆவாள்? மில்லுக்குத் திரும்பினேன்.

போன வாரம் தம்பியையாவது பார்க்கலாம் என்று லீவு சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். வார்டன் பெண் சின்னவள், தன்மையாகப் பேசினாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, சாப்பாட்டுக்கு உட்காரும்போது பக்கத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை என்றாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"வெளியாளுங்கள விடக் கூடாதும்மா, ரூல்ஸு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மனசு இளகி, எனக்கு உதவி செய்கிற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவனுக்கு ஒரு அக்கா இருக்காளாம். தெனம் அவளதான் கேட்டுகினு இருக்கான். நீங்க எப்படியாவது அந்த அக்காவத் தேடிக் கூட்டிகினு வாங்க. அவளோட வந்தா உங்களயும் உள்ள விடறேன்."